206-ஆவது கடலோர டிவிசன் (இத்தாலி)

206-ஆவது கடலோர டிவிசன் என்பது இரண்டாம் உலகப் போரின்போது சிசிலித் தீவின் தென்கிழக்குக் கரையைக் காக்க நிறுத்தப்பட்டிருந்த இத்தாலியத் தரைப்படைப் பிரிவு ஆகும். இதன் தலைமையகம் மோடிக்கா நகரில் இருந்தது. மேஜர் ஜெனரல் அக்கில்லே தாவே இதன் தளபதியாக இருந்தார். 1943 ஜூலை 10 அன்று நேச நாடுகள் சிசிலியில் தரையிறங்கியபோது, மோன்ட்கோமரியின் பிரித்தானிய எட்டாவது ஆர்மியின் கடல்வழித் தரையிறக்கம் முழுவதும் இந்த ஒரே டிவிசனின் பொறுப்பிலிருந்த கரையில்தான் நடந்தது. மூன்றாம் நாள் தளபதி சிறைப்பட்டார். ஒரு படைப்பிரிவாக இது இல்லாமற் போனது.

சிசிலிப் போரைப் பற்றிய பல நூல்களில் இந்த டிவிசனுக்குக் கிடைப்பது ஓரிரு வரிகளே. அவற்றிலும், இத்தாலியக் கடலோரப் படைகள் சண்டையிடாமல் கைதூக்கின என்ற பொதுத் தீர்ப்புக்குள் இதுவும் அடங்கிவிடுகிறது. அத்தீர்ப்பில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இந்தப் படை எதற்காக உருவாக்கப்பட்டது, எவ்வளவு நீளக் கரையை எதைக்கொண்டு காக்கச் சொல்லப்பட்டது என்பதைப் பார்த்தால் கேள்வியே வேறாகிறது.

கடலோர டிவிசன்கள்

இத்தாலியின் கடற்கரை, தீவுகளையும் சேர்த்து, 7,000 கிலோமீட்டருக்கும் மிகுதியானது. 1940 ஜூனில் முசோலினி போரில் இறங்கியபோது இக்கரை பெரும்பாலும் கடற்படையின் பொறுப்பாகவே கருதப்பட்டது. கடற்படைத் தளங்களைச் சுற்றிப் பீரங்கி நிலைகள் இருந்தன. மற்ற இடங்களில் காவல் சாவடிகளுக்கு மேல் ஏதும் இல்லை. போர் நீள நீள, இத்தாலியின் நல்ல டிவிசன்கள் வட ஆப்பிரிக்கா, பால்கன், ரஷ்யா என்று சிதறின. எதிரி இத்தாலிய மண்ணிலேயே இறங்கலாம் என்ற அச்சம் வலுத்தபோது, கரையில் நிறுத்தக் கைவசம் இருந்தவர்கள் வயது முதிர்ந்த ரிசர்வ் வீரர்கள் மட்டுமே.

அவர்களைப் பட்டாலியன்களாகவும் ரெஜிமென்ட்களாகவும் திரட்டி, 200-க்கு மேற்பட்ட எண்களிட்டுக் கடலோர டிவிசன்கள் என்று பெயர் வைத்தனர். அதிகாரிகளிலும் பலர் ஓய்விலிருந்து மீண்டும் அழைக்கப்பட்டவர்கள்.

டிவிசன் என்ற சொல் இங்கே வாசகரை ஏமாற்றக்கூடியது. சாதாரணக் காலாட்படை டிவிசன் என்றால் அதற்குச் சொந்தமாகப் பீரங்கி ரெஜிமென்ட், பொறியாளர், செய்தித் தொடர்பு, வழங்கல், போக்குவரத்து எல்லாம் இருக்கும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து போரிடும். கடலோர டிவிசன் நகர்வதற்காக உருவாக்கப்பட்டதே அல்ல. அதனிடம் வண்டிகள் மிகக் குறைவு. ஒவ்வொரு பட்டாலியனும் தனக்கு ஒதுக்கப்பட்ட கரையில் சங்கிலிபோலப் பரவி நிற்கும். சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணி ஓடிவந்து உதவ வழியில்லை. வரைபடத்தில் இது டிவிசன். தரையில் இது தூரம் தூரமாக நின்ற காவல் சாவடிகளின் வரிசை.

ஆயுதங்களும் அதற்கேற்றவையே. துப்பாக்கி 1891-ஆம் ஆண்டு மாதிரி கார்கானோ. பீரங்கிகளில் கணிசமானவை முதல் உலகப் போர்க் காலத்தவை. அவற்றுள் ஆஸ்திரிய-அங்கேரியப் படைகளிடமிருந்து கிடைத்த 100 மில்லிமீட்டர் பீரங்கிகளும் இருந்தன. டாங்கிகளை எதிர்க்க 47 மில்லிமீட்டர் பீரங்கி உண்டு. இலகுவகை வண்டிகளுக்கு எதிராக அது போதும். 1943-இல் கரையிறங்கிய ஷெர்மன் டாங்கிகளின் முன்தகட்டை அதனால் துளைக்க இயலாது. மரத்தாலான போலிப் பீரங்கிகளை வைத்து எதிரி விமானங்களை ஏமாற்றும் வழக்கமும் இத்தாலியக் கரையில் இருந்தது. சிமெண்ட், முள்கம்பி, கண்ணிவெடி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. அன்று கட்டப்பட்ட சிறிய காங்கிரீட் அரண்கள் பல இன்றும் சிசிலியின் தோட்டங்களிலும் சாலை முனைகளிலும் நிற்கின்றன.

132 கிலோமீட்டர்

1943 கோடையில் சிசிலியிலிருந்த இத்தாலிய ஆறாவது ஆர்மியை ஜெனரல் அல்ஃபிரேதோ குட்சோனி நடத்தினார். அவரது தலைமையகம் தீவின் நடுவே என்னா நகரில் இருந்தது. தீவின் மேற்குப் பாதி 12-ஆவது கோரிடமும் கிழக்குப் பாதி 16-ஆவது கோரிடமும் விடப்பட்டிருந்தன. 206-ஆவது டிவிசன் ஜெனரல் கார்லோ ரோஸ்ஸியின் 16-ஆவது கோரைச் சேர்ந்தது.

இதன் பொறுப்பு சிராகூசாவுக்குத் தெற்கேயுள்ள மஸ்ஸேரியா பால்மா என்ற பண்ணை வீட்டருகே தொடங்கியது. அங்கிருந்து அவோலா, நோத்தோ நகர்களின் கடற்கரை வழியாகத் தெற்கே இறங்கி, தீவின் தென்கிழக்கு முனையான பாஸ்ஸேரோ முனையைச் சுற்றி, மேற்கே பொட்சாலோ, சாம்பியேரி, மரீனா தி ரகூசா ஊர்களைக் கடந்து பிராச்சேத்தோ முனையில் முடிந்தது. மொத்தம் 132 கிலோமீட்டர். இதைக் காக்க இருந்தவை 122, 123, 146 ஆகிய மூன்று கடலோர ரெஜிமென்ட்களும், ஒரு பெர்சாலியேரிப் பட்டாலியனும், 44-ஆவது கடலோரப் பீரங்கித் தொகுதியும்.

நிலமும் காப்போருக்குச் சாதகமாக இல்லை. பாக்கீனோ தீபகற்பம் தாழ்வானது. மணற்கரையும் திராட்சைத் தோட்டங்களும் நிறைந்தது. தோட்டங்களைப் பிரிக்கும் கல்சுவர்களைத் தவிர மறைவு குறைவு. மோடிக்கா, ரகூசா, ஷிக்லி, நோத்தோ ஆகிய பழைய நகர்கள் உள்நாட்டில் குன்றுகள் மேல் உள்ளன. 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு பரோக் பாணியில் திரும்பக் கட்டப்பட்ட இந்நகர்கள்தாம் இன்று இப்பகுதிக்கு உலகப் புகழ் தருகின்றன. அன்றைய படைத்தலைவர்களுக்கு அவை வேறு பொருள் தந்தன. தற்காக்க ஏற்ற நிலம் கரையில் இல்லை, கரைக்குப் பின்னே மேட்டில் இருந்தது. கடலோரப் படைக்கோ கரையை விட்டு நகர அனுமதியும் இல்லை, வண்டியும் இல்லை.

இடது பக்கம் சிராகூசா-அகூஸ்தா கடற்படைக் கோட்டை. அது அட்மிரல் பிரியாமோ லெயோனார்தியின் கீழ் தனி நிர்வாகம். வலது பக்கம் ஜேலா கரையைக் காத்த 18-ஆவது கடலோர பிரிகேட். பின்னால் சேமப்படையாக நாபோலி காலாட்படை டிவிசன் இருந்தது. அதன் பட்டாலியன்களும் ஒரே இடத்தில் இல்லை. ரோசோலினி, கோமீசோ போன்ற ஊர்களில் சிறு நகரும் குழுக்கள் நிறுத்தப்பட்டன. கடலோரப் படை சில மணி நேரம் தாங்கும், அதற்குள் நகரும் குழுக்கள் வந்து சேரும், பிறகு நாபோலி, லிவோர்னோ டிவிசன்களும் ஜெர்மானிய டாங்கிகளும் ஒன்றாக எதிர்த்தாக்குதல் நடத்தும் என்பது குட்சோனியின் திட்டம்.

குட்சோனி ஏமாந்துவிடவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். எதிரி தென்கிழக்கில்தான் இறங்குவான் என்று அவர் சரியாகவே கணித்தார். சிசிலியிலிருந்த இரு ஜெர்மானிய டிவிசன்களையும் கிழக்கிலேயே வைத்துக்கொள்ள விரும்பினார். மேற்கிலும் தாக்குதல் வரலாம் என்று எண்ணிய ஜெர்மானியத் தளபதி கெஸ்ஸல்ரிங், 15-ஆவது பன்சர்கிரனேடியர் டிவிசனின் பெரும்பகுதியை மேற்கே அனுப்பச் செய்தார். 206-ஆவது டிவிசனின் கரைக்குப் பின்னே வலுவான சேமப்படை இல்லாமற்போனதில் இம்முடிவுக்குப் பெரும் பங்கு உண்டு.

சிசிலியர்கள்

கடலோரப் படையினரில் பெரும்பாலோர் சிசிலியர்களே. சொந்த ஊரையும் சொந்தக் குடும்பத்தையும் காக்க மனிதன் உறுதியாகப் போரிடுவான் என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். தொலைவிலிருந்து ஆட்களைக் கொண்டுவர ரயிலும் கப்பலும் இல்லை என்பதும் ஒரு காரணம். நடந்தது வேறு. வீடு ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் ஒருவனுக்குப் படை கலைந்தால் போக ஓர் இடம் இருக்கிறது. அவன் வீட்டார் தினமும் குண்டுவீச்சில் இருப்பதும், ரொட்டிக்கு வரிசையில் நிற்பதும் அவன் கண்முன்னே நடக்கின்றன. 1943 வசந்தத்துக்குள் சிசிலியின் துறைமுகங்களும் ரயில் நிலையங்களும் நொறுங்கியிருந்தன. போரை யாரும் விரும்பவில்லை.

அதிகாரத்தில் இருந்தோர் சிசிலியர்களை நம்பவுமில்லை. குட்சோனிக்கு முன் ஆறாவது ஆர்மியை நடத்திய ஜெனரல் மாரியோ ரோவாத்தா 1943 மே மாதத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டார். சிசிலி மக்களும் இத்தாலிய, ஜெர்மானியப் படைவீரர்களும் சேர்ந்து எதிரியை எதிர்ப்பர் என்பதே அதன் உட்பொருள். ஆனால் சிசிலியர்களை ஒருபுறமும் இத்தாலியர்களை மறுபுறமும் வைத்து அது எழுதப்பட்டிருந்தது. சிசிலியர் இத்தாலியர் இல்லையா என்று தீவு கொதித்தது. ரோவாத்தா விரைவில் வேறு பதவிக்கு மாற்றப்பட்டார். சொற்பிழை என்று இதைக் கடந்துவிடலாம். என்றாலும், கரையில் துப்பாக்கியுடன் நின்றவர்களில் பெரும்பாலோர் எந்தப் பக்கத்தில் வைக்கப்பட்டார்கள் என்பதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஜூன் 24 அன்று முசோலினி பாசிசக் கட்சித் தலைவர்களிடம் ஆற்றிய உரையும் இக்காலத்தது. எதிரி கரையேற முயன்றால் நீரும் மணலும் சந்திக்கும் கோட்டிலேயே அவனை உறையவைக்க வேண்டும் என்ற பொருளில் பேசிய அவர், அக்கோட்டைக் குறிக்க "பாஞ்ஞாஷூகா" என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அச்சொல்லின் உரிய பொருள் கப்பலின் உடலில் நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டை. கரையைக் குறிக்கும் சொல் "பாத்தீஜா". இந்தத் தவறு இத்தாலியில் இன்றும் கேலியாக நினைவுகூரப்படுகிறது. அவர் சொன்ன அந்தக் கோட்டில் நின்றவர்கள் இந்தக் கடலோர டிவிசன்கள்.

ஜூலை 9 இரவு

மே 13 அன்று துனீசியாவில் அச்சுப் படைகள் சரணடைந்தன. ஜூன் 11 அன்று பன்தெல்லேரியாத் தீவு வீழ்ந்தது. அடுத்தது சிசிலி என்பதை ஊகிக்க அதிக அறிவு தேவைப்படவில்லை. ஜூலை 9 மாலை மால்ட்டாவின் பக்கம் பெரும் கப்பல் தொகுதிகளை விமானங்கள் கண்டன. அன்றிரவே குட்சோனி முழு எச்சரிக்கை நிலையை அறிவித்தார்.

ஆனால் அன்று மத்தியதரைக் கடலில் பலத்த காற்று. அலை உயர்ந்திருந்தது. இப்படிப்பட்ட கடலில் எவனும் படகிறக்க மாட்டான் என்று கரையோரத்தில் பலர் எண்ணினர். எச்சரிக்கை வந்து வந்து பலநாள் தூக்கம் கெட்டவர்களுக்குப் புயல் ஓர் ஓய்வாகத் தோன்றியிருந்தால் வியப்பில்லை.

முதலில் எதிரி வந்தது வானிலிருந்து. சிராகூசாவுக்குத் தெற்கேயுள்ள போன்தே கிராந்தே பாலத்தைப் பிடிக்கப் பிரித்தானியக் கிளைடர் பிரிகேட் ஒன்று அனுப்பப்பட்டது. காற்றினாலும், இழுத்துச் சென்ற விமானங்கள் முன்கூட்டியே கயிற்றை விட்டதாலும் 60-க்கும் மேற்பட்ட கிளைடர்கள் கடலில் விழுந்தன. சுமார் 250 பேர் மூழ்கினர். மற்றவை தென்கிழக்கு முழுவதும் சிதறின. ஜேலா அருகே குதிக்க வேண்டிய அமெரிக்க வான்குடைப் படையினர் சிலரும் தவறி அவோலா, நோத்தோ பக்கம் வந்து விழுந்தனர்.

தாக்குவோருக்கு இது பேரிழப்பு. காப்போருக்கும் இது குழப்பம். எங்கு பார்த்தாலும் சிறுசிறு கூட்டமாக எதிரிகள். தொலைபேசிக் கம்பிகள் அறுக்கப்பட்டன. மோடிக்காவுக்கு வந்த செய்திகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கம்பியை மட்டுமே நம்பியிருந்த படைக்குக் கம்பி போனபின் ஒவ்வொரு சாவடியும் தனித் தீவானது.

ஜூலை 10

விடியலுக்கு முன் கரையெங்கும் படகுகள் வந்தன. வடக்கே காசிபிலே அருகே பிரித்தானிய 5-ஆவது டிவிசன், அவோலா அருகே 50-ஆவது டிவிசன், மார்சமேமி அருகே 231-ஆவது பிரிகேட், பாஸ்ஸேரோ முனையைச் சுற்றி 51-ஆவது ஹைலாண்ட் டிவிசன், பாக்கீனோவுக்கு மேற்கே முதலாவது கனடிய டிவிசன். இவற்றோடு கமாண்டோ குழுக்கள். டிவிசனின் மேற்கு ஓரத்தில், பிராச்சேத்தோ முனையை ஒட்டி, அமெரிக்க 45-ஆவது டிவிசனின் ஒரு ரெஜிமென்ட் இறங்கிச் சான்தா குரோச்சே கமெரீனாவைப் பிற்பகலில் கைப்பற்றியது. ஒரே காலையில், இரு முனையிலும் நடுவிலும், நான்கு டிவிசன்களுக்கு மேல். பின்னே கடலில் போர்க்கப்பல்களின் பெரும் பீரங்கிகள். மேலே கிட்டத்தட்ட முழுதும் நேச நாடுகளின் வானம்.

கனடியர்களின் அனுபவம் விரிவாகப் பதிவாகியுள்ளது. கப்பல் நோயாலும் மணல்திட்டாலும் தாமதப்பட்ட அவர்கள் கரையில் கடும் சண்டையை எதிர்பார்த்தனர். முள்கம்பியும் சில இயந்திரத் துப்பாக்கிகளுமே எதிர்ப்பட்டன. மௌச்சீனி அருகேயிருந்த ஒரு பீரங்கி நிலை, ஒற்றை எச்சரிக்கை வேட்டுக்கே வெள்ளைக் கொடி காட்டியது. பாக்கீனோ விமானத்தளத்தை இத்தாலியர்கள் முன்பே ஏர் பூட்டி உழுது வைத்திருந்தனர்; அதன் வடக்கேயிருந்த இன்னொரு பீரங்கி நிலை போரிட்டுத்தான் வீழ்ந்தது. ஒரே டிவிசன், ஒரே காலை, சில கிலோமீட்டர் இடைவெளி: ஓரிடத்தில் ஒரு வேட்டில் சரண், ஓரிடத்தில் கைகலப்பு. 206-ஆவது டிவிசன் முழுவதும் ஒரேமாதிரி நடந்துகொண்டது என்று சொல்பவர் அந்தக் காலையைச் சரியாகப் பார்க்கவில்லை.

அன்று கனடியர்கள் இழந்தது 7 பேர். அதற்கு ஒரு வாரத்துக்குச் சற்றுக் குறைவான நாள்களுக்கு முன், சிசிலி நோக்கி வந்த அவர்களது கப்பல்களில் மூன்றை நீர்மூழ்கிகள் மூழ்கடித்தபோது 58 கனடியர்கள் இறந்திருந்தனர். கரையில் நின்ற காவலைவிடக் கடற்பயணம் அவர்களுக்கு ஆபத்தாக இருந்தது.

வடக்கே நிலைமை வேறுவிதம். போன்தே கிராந்தே பாலத்தை இரவில் பிடித்த சில பத்துக் கிளைடர் வீரர்கள், பாலத்தை வெடிக்கச் செய்ய வைக்கப்பட்டிருந்த வெடிமருந்தை அகற்றிவிட்டனர். காலை முதல் கடலோரப் பட்டாலியன் ஒன்றும், பின்னர் நாபோலி டிவிசனின் 75-ஆவது ரெஜிமென்ட்டைச் சேர்ந்த பட்டாலியன் ஒன்றும் அவர்களை நெருக்கின. குண்டுகள் தீர்ந்தபின், மாலை மூன்றரை மணியளவில், பாலம் மீண்டும் இத்தாலியர் கைக்கு வந்தது. ஆனால் வெடிமருந்து இல்லை. சற்று நேரத்தில் கரையிலிருந்து வந்த 5-ஆவது டிவிசனின் முன்னணி வீரர்கள் தாக்கிப் பாலத்தை முழுதாகவே எடுத்துக்கொண்டனர். அன்றிரவே பிரித்தானியர் சிராகூசாவில் இருந்தனர். துறைமுகம் ஏறக்குறைய சேதமின்றிக் கிடைத்தது.

எதிர்த்தாக்குதல் நடத்த வேண்டிய நாபோலி டிவிசன் துண்டுதுண்டாகவே களம் வந்தது. பிரான்சிடமிருந்து ஜெர்மானியர் கைப்பற்றி இத்தாலிக்குத் தந்த சிறிய ரெனோ டாங்கிகளுடன் அது சிராகூசா நோக்கி நகர்ந்து, வழியிலேயே நிறுத்தப்பட்டது. ஹெர்மன் கோரிங் டிவிசனின் டாங்கிகளும் லிவோர்னோ டிவிசனும் மேற்கே ஜேலாவில் அமெரிக்கர்களோடு மோதின. 206-ஆவது டிவிசன் தாங்கிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து வரவேண்டிய கை வரவேயில்லை.

மோடிக்கா

ஜூலை 11 அன்று பிரித்தானிய, கனடியப் படைகள் கரையை விட்டு உள்ளே நகர்ந்தன. பொட்சாலோ துறைமுகம் போர்க்கப்பல்களின் குண்டுவீச்சுக்குப் பின், கப்பலிலிருந்து இறங்கிய கடற்படையினரிடமே சரணடைந்தது. இஸ்பிக்காவும் வீழ்ந்தது. மேற்கே அமெரிக்கர்கள் கோமீசோ விமானத்தளத்தைப் பிடித்து ரகூசாவுக்குள் நுழைந்தனர். அங்கு கனடியர்களோடு கைகோத்தனர். கரையில் இன்னும் சில சாவடிகள் எஞ்சியிருந்தாலும் அவற்றுக்கும் தலைமையகத்துக்கும் தொடர்பு இல்லை.

ஜூலை 12 அன்று கனடிய இளவரசி பட்ரீசியா இலகுக் காலாட்படையினர் மோடிக்காவை எடுத்தனர். டிவிசன் தலைமையகம் நகரில்தான் இருந்தது. தளபதி தாவே தமக்குத் தகுந்த பதவியுள்ள அதிகாரியிடம் மட்டுமே சரணடைவேன் என்று சொல்லியனுப்பினார். எனவே அவர் கனடிய டிவிசன் தளபதி கை சைமண்ட்சிடம் அழைத்துச் செல்லப்பட்டார். சைமண்ட்சுக்கு அப்போது 40 வயதுதான். அவர் டிவிசன் ஒன்றைப் போரில் நடத்துவது அதுவே முதல் முறை. எதிரே நின்ற தாவே முதல் உலகப் போரில் பிரித்தானியாவின் மிலிட்டரி கிராஸ் பதக்கம் பெற்றவர். அப்போது இத்தாலியும் பிரித்தானியாவும் ஒரே அணியில் இருந்தன. அந்தப் பதக்கத்தைத் தந்த அரசின் படையிடமே 25 ஆண்டுகளுக்குப் பின் அவர் போர்க்கைதியானார்.

மறுநாள் நாபோலி டிவிசனின் தளபதி ஜூலியோ சேசரே கோத்தி போர்ச்சினாரியும் சிறைப்பட்டார். தென்கிழக்கு மூலையில் இத்தாலியப் படை என்று சொல்ல ஏதும் மிஞ்சவில்லை.

பழி

யாரையாவது குற்றஞ்சாட்ட வேண்டிய தேவை உடனே எழுந்தது. ஜெர்மானிய அறிக்கைகள் இத்தாலியக் கடலோரப் படைகள் முதல் நாளே கரைந்துவிட்டதாகக் கூறின. கெஸ்ஸல்ரிங் போருக்குப் பின் எழுதியவற்றிலும் இதே கருத்து உண்டு. இத்தாலியிலும் பழி இரு திசைகளில் பாய்ந்தது. ஒன்று, ஒரு பெரும் தாக்குதலுக்கு முன்பே பீரங்கிகளை உடைத்துக் கைவிடப்பட்ட அகூஸ்தா கடற்படைக் கோட்டை. அட்மிரல் லெயோனார்தி பின்னர் முசோலினியின் சாலோ குடியரசு நடத்திய விசாரணையில் மரண தண்டனைக்கு உள்ளானார்.  மற்றொன்று, சிசிலியர்கள்.

பதில் சொல்ல முன்வந்தவர்களில் முக்கியமானவர் எமிலியோ ஃபால்தேல்லா. அவர் ஆறாவது ஆர்மியின் தலைமைப் பணியாளர் அதிகாரியாக இருந்தவர். 1950-களில் சிசிலியின் தற்காப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். இத்தாலிய வீரர்கள் ஆயுதத்தின் அளவுக்கு ஏற்பப் போரிட்டனர் என்பது அவரது வாதம். தம் ஆர்மியின் நற்பெயரைக் காக்க எழுதியவர் என்பதால் அவரது கூற்றை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பிற்கால வரலாற்றாளர் அல்பெர்தோ சன்தோனி போன்றோர் ஆவணங்களை வைத்து மேலும் நிதானமாகப் பார்த்தனர். சண்டையிட்ட சாவடிகளும் உண்டு, வேட்டே போடாமல் கலைந்த சாவடிகளும் உண்டு என்ற கலவையான படமே கிடைத்தது.

எண்களைப் பார்த்தாலே சில விஷயங்கள் தெளிவாகும். 132 கிலோமீட்டர்க் கரையில் மூன்று ரெஜிமென்ட்களைப் பரப்பினால், எந்த ஒரு கடற்கரையிலும் இறங்குவோருக்கு எதிரே நிற்பது சில பிளாட்டூன்கள் மட்டுமே. அந்தப் பிளாட்டூனுக்கு எதிரே ஒரு பிரிகேட் வருகிறது. அடுத்த ஆண்டு நார்மண்டியில் இதைவிடப் பன்மடங்கு காங்கிரீட்டும் பீரங்கியும் கொண்ட ஜெர்மானியக் கடலோர டிவிசன்களும், ஒமாகா போன்ற இடங்களைத் தவிர, முதல் நாளிலேயே பிளக்கப்பட்டன. அவற்றை யாரும் கோழைகள் என்று எழுதவில்லை.

ஆனாலும் ஒற்றை வேட்டில் வெள்ளைக் கொடி ஏறியதற்கு ஆயுதக் குறைவு மட்டுமே காரணம் அல்ல. அந்த வீரர்களுக்குப் போரிடும் எண்ணம் இல்லை. இருபது ஆண்டுகால பாசிச ஆட்சியும் மூன்று ஆண்டுப் போரும் அவர்களுக்கு என்ன கொடுத்தன என்பதை அறிந்தவர்கள், அந்த எண்ணமின்மையைக் குற்றமாகப் பார்ப்பதா, அறிவாகப் பார்ப்பதா என்று தயங்குவர். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தனித்து விடப்பட்டும் கடைசி வரை சுட்டுக்கொண்டிருந்த பீரங்கி நிலைகளின் ஆட்கள், பக்கத்துச் சாவடி கைதூக்கியதால் இறந்தார்கள். இரண்டையும் ஒரே டிவிசனின் வரலாறாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பின்னர்

சிசிலிப் போர் 38 நாள்கள் நடந்து ஆகஸ்ட் 17 அன்று மெஸ்ஸீனாவில் முடிந்தது. அதற்குள், ஜூலை 25 அன்று முசோலினி பதவியிறக்கப்பட்டுக் கைது செய்யப்பட்டார். 206-ஆவது டிவிசன் மீண்டும் அமைக்கப்படவில்லை.

சிறைப்பட்டவர்களில் சிசிலியர்களுக்கு விரைவில் ஒரு விந்தையான வாய்ப்புக் கிடைத்தது. இவ்வளவு கைதிகளைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி உணவளிப்பது நேச நாடுகளுக்குப் பெருஞ்சுமை. வயல்களில் அறுவடை காத்திருந்தது. எனவே மீண்டும் ஆயுதம் ஏந்துவதில்லை என்ற உறுதிமொழியின் பேரில் பல்லாயிரம் சிசிலியக் கைதிகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். கடலோர டிவிசன்களைச் சேர்ந்தவர்களுக்கு அந்த வீடு பெரும்பாலும் நடந்துபோகும் தூரம்தான்.

செப்டம்பர் 3 அன்று இத்தாலிய ஜெனரல் ஜூசெப்பே காஸ்தெல்லானோ, சிவில் உடையில், ஒரு தோட்டத்தில் அமைக்கப்பட்ட கூடாரத்தில் நேச நாடுகளுடன் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்கர் வால்ட்டர் பெடல் ஸ்மித் ஐசனாவரின் சார்பில் கையெழுத்திட்டார். செய்தி ஐந்து நாள் இரகசியமாக வைக்கப்பட்டு 8-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. அந்தத் தோட்டம் இருந்த ஊர் காசிபிலே. எட்டு வாரங்களுக்கு முன் பிரித்தானிய 5-ஆவது டிவிசன் கரையேறிய, 206-ஆவது கடலோர டிவிசன் காக்க வேண்டியிருந்த அதே ஊர்.